வெற்றி எண்ணிக்கையை நம்பும் முன் ரன் வித்தியாசத்தைப் பாருங்கள்

2023 மேஜர் லீக் பேஸ்பால் (அமெரிக்காவின் முதன்மை பேஸ்பால் லீக்) சீசனில் மயாமி மார்லின்ஸ் அணி 84 ஆட்டங்களை வென்று, சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃப் சுற்றுக்குள் நுழைந்தது. 82 வென்ற சான் டியேகோ பாட்ரேஸ் அணிக்கு இடமில்லை. ரன் வித்தியாசம், அதாவது ஓர் அணி எடுத்த ரன்னிலிருந்து எதிரணிகளுக்குக் கொடுத்த ரன்னைக் கழித்தால் வருவது, சொன்னது வேறு. மார்லின்ஸ் எடுத்தது 666, கொடுத்தது 723. பாட்ரேஸ் எடுத்தது 752, கொடுத்தது 648. அடுத்த சீசனில் மார்லின்ஸ் 100 ஆட்டங்களில் தோற்றது. பாட்ரேஸ் 93 வென்றது.

குழப்பத்துக்குக் காரணம் ஒரே ஒரு ரன்னில் முடிந்த ஆட்டங்கள். அவற்றில் மார்லின்ஸ் 33 வென்று 14 தோற்றது. பாட்ரேஸ் 9 வென்று 23 தோற்றது. நல்ல புல்பென் (ஆட்டத்தின் நடுவில் வந்து பந்து வீசும் மாற்று பிட்சர்கள்) இருந்தால் இழுபறியில் கொஞ்சம் கை ஓங்கும், ஆனால் இந்த அளவுக்கு ஓங்குவது ஆண்டுதோறும் நடக்காது.

கணக்கு எளிது. எடுத்த ரன்னின் வர்க்கத்தை, எடுத்தது, கொடுத்தது இரண்டின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் எதிர்பார்க்கும் வெற்றி விகிதம் வரும். பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸ் தந்த சூத்திரம் இது. இப்போது பலர் வர்க்கத்துக்கு, அதாவது 2 என்ற அடுக்குக்கு, பதில் 1.83 அடுக்கைப் பயன்படுத்துகிறார்கள். வர்க்கத்தையே வைத்துப் போட்டால், சீசனின் 162 ஆட்டங்களுக்கு பாட்ரேஸ் 93, மார்லின்ஸ் 74 வெற்றி என்று வருகிறது. மனக்கணக்குக்கு, 10 ரன் வித்தியாசம் ஏறத்தாழ ஒரு வெற்றி.

சீசன் நடுவில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ஓர் அணி 50 ஆட்டங்களில் 28 வென்றிருக்கிறது. எடுத்தது 215, கொடுத்தது 225 என்று வையுங்கள். சூத்திரப்படி 24 வெற்றிதான் வந்திருக்க வேண்டும். கூடுதலாக வந்த 4 வெற்றியை அதிர்ஷ்டம் பின்னால் பிடுங்கிக்கொள்ளும் என்று கழிப்பது தவறு. கையில் வந்த 28 அப்படியே இருக்கும். மீதி 112 ஆட்டங்களுக்கு மட்டும் 0.477 விகிதத்தைப் போடுங்கள்: ஏறக்குறைய 53. மொத்தம் 81. வெற்றி விகிதத்தை அப்படியே நீட்டியிருந்தால் 91 என்று ஏமாந்திருப்போம்.

சீசன் தொடக்கத்தில், ஏப்ரலில், இந்த எண்ணை நம்ப வேண்டாம். 15 ஆட்டங்களுக்குள் ஒரு 16-1 வெற்றி வந்துவிட்டால் போதும், மொத்தக் கணக்கும் கெட்டுவிடும். மிகப் பெரிய வெற்றி ஒன்றையும் தோல்வி ஒன்றையும் நீக்கிவிட்டு மறுபடி கூட்டிப் பாருங்கள். ரன் வித்தியாசத்தின் கூட்டல், கழித்தல் குறி மாறினால் காத்திருங்கள். தோல்வி உறுதி என்று கைவிட்ட ஆட்டத்தில் பிட்சரை (பந்து வீசுபவரை) மிச்சம் பிடிக்க ஃபீல்டர் ஒருவரைப் பந்து வீச வைப்பார்கள். அப்போது போகும் ரன்கள் அணியின் தரத்தைச் சொல்வதில்லை.

ஆள் மாறினாலும் கணக்கு மாறும். மார்லின்ஸின் 2024 சரிவை முழுவதும் ரன் வித்தியாசத்தின் தலையில் கட்ட முடியாது: அணியின் முக்கிய பிட்சர் சாண்டி அல்கன்டாரா முழங்கை அறுவை சிகிச்சையால் அந்த ஆண்டு ஆடவே இல்லை, பேட்டர் லூயிஸ் அராயஸை மே மாதம் வீரர் பரிமாற்றத்தில் கொடுத்துவிட்டார்கள், அதுவும் பாட்ரேஸுக்கே. எதிர் உதாரணம் சியாட்டில் மரைனர்ஸ். 2021இல் 51 ரன் பின்தங்கியும் 90 வெற்றி. 2022இல் சரிவு வரும் என்று கணித்தவர்களுக்கு மீண்டும் 90 வெற்றி. ஆனால் இம்முறை வித்தியாசம் கூட்டல் 67. புதுமுகம் ஹூலியோ ரொட்ரிகஸ் வந்திருந்தார், பிட்சிங்கிலும் ஆள் சேர்த்திருந்தார்கள்.