செம்பை மறைக்கும் சித்திரவேலை

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்துப் பழைய மெழுகுவர்த்தித் தாங்கி பார்வைக்கு முழு வெள்ளி. தூண் போன்ற தண்டு, உச்சியில் இலைக்கொத்து, விளிம்பெங்கும் மணிவரிசை. உள்ளே இருப்பதோ செம்பு.

1743 வாக்கில், கத்தித் தொழிலாளியான தாமஸ் போல்சோவர் ஒரு கத்திப் பிடியைச் சரிசெய்தபோது சூடு கூடிப்போய் வெள்ளியும் செம்பும் ஒட்டிக்கொண்டன என்று சொல்வார்கள். வெள்ளி உருக 962 டிகிரி செல்சியஸ் வேண்டும், செம்புக்கு 1085. ஆனால் இரண்டும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் அணுக்கள் கலக்கின்றன. 72 பங்கு வெள்ளியும் 28 பங்கு செம்பும் சேர்ந்த கலவை சுமார் 780 டிகிரியிலேயே இளகிவிடும். உலோகத் துண்டுகளை ஒட்டவைக்கும் பற்றாசு தனியாக எதற்கு? இரண்டும் சேர்ந்து தாமே அதைத் தயாரித்துக்கொள்கின்றன.

ஒட்டிய கட்டியை உருளைகளுக்கு இடையே விட்டு நசுக்கினால் வெள்ளியும் செம்பும் ஒரே உலோகம் போலச் சேர்ந்தே நீளும். இதுதான் ஷெஃபீல்டு தகடு. போல்சோவர் அந்தத் தகட்டில் பொத்தான் செய்தார். பெரிய சாமான்களுக்கு அதைக் கொண்டுபோனவர் ஜோசப் ஹான்காக். தாங்கியின் பாகங்களை எஃகு அச்சில் அடித்து, பற்றவைத்து, உள்ளே குங்கிலியம் போன்றவற்றை நிரப்பினார்கள். கையில் எடுத்தால் தெரியும் கனத்தில் ஒரு பங்கு அந்த நிரப்பல்தான்!

சரி, தகட்டை வெட்டிய இடத்தில் செம்பின் சிவப்பு பல்லிளிக்குமே? முதலில் விளிம்பை மடித்துப் பார்த்தார்கள். பிறகு வெள்ளிக் கம்பியைப் பற்றவைத்தார்கள். மெல்லிய வெள்ளியில் மணிகளை அச்சடித்து, உள்ளே ஈயக் கலவை ஊற்றியும் ஒட்டினார்கள். நாம் அழகுக்கென்று நினைக்கும் மணிவரிசைக்கு முதல் வேலை மூடிமறைப்பதுதான்.

உளியால் செதுக்கவும் முடியாது; கொஞ்சம் ஆழமாகப் போனால் செம்பு தெரிந்துவிடும். அதனால் உலோகத்தைச் சீவி எடுக்காமல், தட்டித் தட்டி அழுத்தியே கோலம் போட்டார்கள். வீட்டுக்காரரின் குலச்சின்னத்தைச் செதுக்கியே ஆகவேண்டும் என்றால், அந்த இடத்தில் மட்டும் தடித்த வெள்ளித் துண்டைப் பதித்தார்கள். இன்றும் அதன் மேல் வாயால் ஊதினால், ஆவி படர்ந்து ஒட்டின் எல்லை தெரிவதுண்டு.

1840இல் எல்கிங்டன் என்ற தொழிலதிபர், மின்சாரத்தால் வெள்ளி பூசும் மின்முலாமுக்குக் காப்புரிமை பெற்றார். முதலில் பொருளைச் செய்துவிட்டு, அப்புறம் விளிம்பு உட்பட மொத்தமாக வெள்ளி பூசலாம். ஷெஃபீல்டு தகட்டுக்கு அதோடு வேலை குறைந்தது. தலைமுறை தலைமுறையாகத் துலக்கித் துலக்கி மேடான இடங்களில் செம்பு எட்டிப்பார்க்கும் தாங்கிகளையும் சேகரிப்பவர்கள் இப்போது விரும்புகிறார்கள். அவற்றுக்கு மின்முலாம் பூசிப் புதுப்பித்துவிட்டால் மதிப்பு இறங்கிவிடும்.