அலாரம் அடித்தது, திருடன் வந்தானா?

கோத்தகிரி பக்கம் ஒரு டீ ஃபேக்டரி. அங்கே நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு மேனேஜர் போன் செய்தார். "சார், யாரோ ஹேக் பண்ணிட்டாங்க போல. அலாரம் வந்திருக்கு. எல்லாத்தையும் ஆஃப் பண்ணிடட்டுமா?"

"இருங்க, எதையும் தொடாதீங்க" என்றேன்.

அலாரம் மென்பொருளை விற்றவர் '99 சதவீதம் துல்லியம்' என்று சொல்லியிருந்தார். அது பொய்யில்லை என்றே வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 10,000 இணைப்புகள், அதில் 10 மட்டும் திருட்டு. அந்தப் பத்தும் பெரும்பாலும் சிக்கிவிடும். மீதி 9,990 நல்ல இணைப்புகளிலும் 1 சதவீதம், அதாவது சுமார் 100, வீணாக மாட்டிக்கொள்ளும். ஆக 110 அலாரத்தில் நிஜம் 10. பதினொன்றுக்கு ஒன்று!

தாமஸ் பேயஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் போட்ட வழி இது. அவர் இறந்தபின் 1763-இல் நண்பர் ரிச்சர்ட் பிரைஸ்தான் வெளியே கொண்டுவந்தார். நம் மலைக்காரர்களுக்கு இது புதிதில்லை. ஐப்பசியில் லைன் போனால் எங்கோ மரம் சாய்ந்து ஃபைபர் அறுந்திருக்கும் என்பார்கள். மே மாதம் நெட் இழுத்தால் சீசன் கூட்டம் என்பார்கள். தடயத்துக்கு முன்பே மனசில் ஒரு கணக்கு ஓடுகிறது.

சரி, இரண்டாவது தடயம் வந்தால்? அதே அளவு துல்லியமான வேறொரு சோதனையும் கத்தினால், 100 வீண் அலாரத்தில் ஒன்றுதான் மிஞ்சும், நிஜம் பத்தும் ஏறக்குறைய அப்படியே நிற்கும். இப்போது பதினொன்றுக்குப் பத்து நிஜம். ஆனால் இரண்டும் ஒரே லாகை (நெட்வொர்க்கில் நடந்ததைக் குறித்து வைக்கும் பதிவை)ப் பார்த்துக் கத்தினால் அது ஒரே காக்காவை இரண்டு தடவை எண்ணுவதுதான். இதில் ஏமாந்த எஞ்சினியர்கள் நிறைய, நானும் சேர்த்தி.

வேண்டாத மெயிலைப் பிரிக்கும் ஸ்பேம் வடிகட்டியும் இந்தக் கணக்கைப் பயன்படுத்துவதுண்டு. 'ஆஃபர்', 'புக்கிங்' என்ற சொற்களைப் பார்த்து எடை போடுகிறது. ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள் வாரம் ஒருமுறை ஸ்பேம் பெட்டியைத் திறந்து, நல்ல மெயிலை 'ஸ்பேம் இல்லை' என்று குறித்தால் அது கற்றுக்கொள்ளும்.

அன்று இரவு இரண்டாவது தடயம் எதுவும் இல்லை. புதிதாக மாட்டிய சிசிடிவி பெட்டி, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று நெட்வொர்க் முழுக்கத் தட்டிப் பார்த்திருக்கிறது. மறுநாள் போனபோது மேனேஜர் அலாரத்தையே அணைத்து வைத்திருந்தார். திரும்பப் போட்டுவிட்டு, ஒற்றையாக வந்தால் காலையில் சொல்லுங்கள், இரண்டு சேர்ந்து வந்தால் எந்த நேரமானாலும் எழுப்புங்கள் என்று எழுதி ஒட்டிவிட்டு வந்தேன்.