தோட்டத்தோடு சேர்ந்த வீடு: கண்ணாடி மட்டும் போதாது

கிராமப்புறத்தில் வீடு கட்ட நினைப்பவர்கள் என்னிடம் முதலில் போனில் ஒரு படத்தைக் காட்டுவார்கள். வெள்ளைச் சுவர், தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி, வெளியே புல்வெளி. "இதே மாதிரி, சிம்பிளா" என்பார்கள். அந்தப் படத்தில் துணிக்கொடி இருக்காது, தோட்டத்துக் குழாய் இருக்காது, ஏசியின் வெளிப்பெட்டியும் இருக்காது. கட்டப்போகும் வீட்டில் இவை எல்லாம் எங்காவது இருந்தே ஆக வேண்டும்.

என் அனுபவத்தில், வீட்டையும் தோட்டத்தையும் சேர்ப்பது கண்ணாடியின் அளவு அல்ல, வாசல் தரை. இரண்டு படி இறங்கித்தான் தோட்டத்துக்குப் போக வேண்டும் என்றால், நாளடைவில் தோட்டம் பார்ப்பதற்கு மட்டும் என்று ஆகிவிடும். உள் தரையும் வெளித் தளமும் ஒரே மட்டத்தில் இருந்தால், காப்பிக் கோப்பையோடு கால் தானாக வெளியே போகும்.

ஆனால் இந்த ஒரே மட்டம்தான் ஆளை ஏமாற்றும். ஆரம்ப காலத்தில் ஒரு வீட்டுக்குத் தோட்ட மண்ணையே வாசல் மட்டத்துக்கு நிரப்பிக் கொடுத்தேன். திறந்த அன்று எல்லோரும் பாராட்டினார்கள். முதல் பெருமழையில் ஸ்லைடிங் கதவின் ட்ராக் வழியாகத் தண்ணீர் உள்ளே வந்து, மரத்தரை உப்பிவிட்டது. தவறு முழுக்க என்னுடையது.

இப்போது செய்வது வேறு. மண் மட்டம் உள் தரையைவிடக் குறைந்தது 150 மில்லிமீட்டர் கீழேயே இருக்கும். கதவுக்கு வெளியே போடும் கல்தளம் மட்டும் உயர்ந்து வந்து உள் தரையோடு சேரும். கதவின் முழு அகலத்துக்கும் கம்பிச் சல்லடை மூடிய ஒரு வாய்க்கால்; அங்கிருந்து தளம் வெளிப்பக்கமாக, 80-க்கு 1 என்ற அளவில் வாட்டம், அதாவது 80 செ.மீ. தூரத்துக்கு 1 செ.மீ. சரிவு. தளம் முடியும் விளிம்பில்தான் ஒரு படி இறக்கம். சல்லடையைக் கழற்றி உள்ளே சேரும் இலையை அள்ள முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கதவிலிருந்து வெளி விளிம்பு வரை தளம் 3 மீட்டராவது வேண்டும். ஒரு மீட்டரில் நிற்கலாம், மேசை போட்டு உட்கார முடியாது.

வெயிலுக்கு வருவோம். உச்சி வெயிலைக் கூரையின் நீட்டல் தடுத்துவிடும். மேற்கு வெயில் தாழ்வாக வருவதால் எவ்வளவு நீட்டினாலும் உள்ளே வரும். அந்தப் பக்கம் மரமோ செங்குத்துப் பட்டிகளோதான் காக்கும். முடிந்தால் அங்கே பெரிய கண்ணாடியே வேண்டாம் என்பேன்.

அப்புறம் பூச்சி. கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோ வடிவமைத்து 1951-இல் முடிந்த ஃபார்ன்ஸ்வொர்த் வீடு, அமெரிக்காவின் இல்லினாய்ஸில் ஆற்றங்கரையில் நிற்கும் கண்ணாடி வீடு. மினிமலிசம், அதாவது தேவையற்றதைத் தவிர்க்கும் எளிமை பாணி என்றாலே அதன் படத்தைக் காட்டுவார்கள். கொசுத் தொல்லை தாங்காமல், அதில் குடியிருந்தவர் தாழ்வாரத்தைச் சுற்றி வலை அடிக்க வேண்டியதாயிற்று. மேதைக்கே அந்தக் கதி! அதனால் கொசுவலைச் சட்டம் சுவருக்குள் ஒதுங்கும் இடத்தை முதல் வரைபடத்திலேயே போட்டுவிடுகிறேன்.

இரவில் அதே கண்ணாடி கறுப்பு நிலைக்கண்ணாடி ஆகிவிடும். தோட்டம் தெரியாது, நம் முகம்தான் தெரியும். வெளியே தாழ்வாக இரண்டு மூன்று விளக்கு வைத்து, உள்ளே வெளிச்சத்தைக் குறைத்தால் சரி.

எளிமையான வீட்டுக்குச் செலவு குறையும் என்று எண்ணுபவர்கள் உண்டு. சுவரடியில் ஸ்கர்ட்டிங் பட்டை இல்லை, கதவைச் சுற்றி இடைவெளியை மறைக்கும் பீடிங் பட்டை இல்லை என்றால் பூச்சு நூல் பிடித்தது போல நேராக இருக்க வேண்டும். அந்த வேலைக்கு ஆளும் நாளும் கூடுதலாகவே பிடிக்கும். அலமாரியும் கூடுதலாக வேண்டும்: பொருள் கண்ணில் படக்கூடாது என்றால் அதற்கு ஒளிய இடம் வேண்டுமே.

நிற்கும் மரத்தை வைத்துக்கொள்வதாக இருந்தால், வேலை தொடங்கும் முன்பே கிளை பரவிய வட்டம் வரைக்கும் வேலி போடுங்கள். உறிஞ்சும் வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில்தான் இருக்கின்றன. நிழல் இருக்கிறதே என்று அதன் அடியில் ஜல்லியைக் கொட்டி, லாரியை நிறுத்தினால் மண் இறுகி, ஓரிரு ஆண்டில் மரம் பட்டுப்போகலாம்.

வரைவதற்கு முன் நான் கொடுக்கும் வேலை ஒன்றுதான். ஒரு நாற்காலியை எடுத்துக்கொண்டு காலை, மதியம், சாயங்காலம் என்று காலி மனையில் உட்காருங்கள். நாற்காலி நகரும் இடமெல்லாம் ஒரு முளை அடியுங்கள். சமீபத்தில் ஒருவர் அடித்த மூன்று முளையில் இரண்டு, அவர் ஹாலுக்குக் குறித்திருந்த இடத்தின் நடுவில் இருந்தன. ஹாலைப் பின்னால் தள்ளி, அந்த இடத்தைத் தோட்டத்துக்கே விட்டோம்.