ஆன்டிசெமிட்டிசம்: எதிர்ப்பா, வெறுப்பா?

யூதர் மீதான வெறுப்பை ஆங்கிலத்தில் ‘ஆன்டிசெமிட்டிசம்’ என்கிறார்கள். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது? முதலில் அந்தச் சொல்லின் கதை. பைபிளில் வரும் நோவாவின் மகன் சேம். அவன் பெயரிலிருந்து வந்ததுதான் ‘செமிட்டிக்’. எபிரேயம், அரபு, அரமேயம் ஆகிய மொழிகளை ஒரே குடும்பமாகக் கண்ட 18ஆம் நூற்றாண்டு ஜெர்மன் அறிஞர்கள் அந்தக் குடும்பத்துக்கு வைத்த பெயர் அது. 1879இல் வில்ஹெல்ம் மார் என்ற ஜெர்மன் பத்திரிகையாளர் யூதருக்கு எதிராக ஒரு சங்கம் தொடங்கி, அதன் பெயரில் ‘ஆன்டிசெமிட்’ என்று சேர்த்தார். மதப் பகை என்றால் பழங்கதையாகத் தெரியும். இனம் என்று சொன்னால் அறிவியல் மணம் வருமே! அரபு பேசுகிறவர்கள் அவர் கணக்கிலேயே இல்லை. ‘செமிட்டிய எதிர்ப்பு’ என்று அப்படியே மொழிபெயர்த்தால், அவர் போட்ட வேஷத்தை நாமும் போட்டுக்கொள்கிறோம்.

சரி, சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? அமெரிக்க மாநிலங்கள் பலவும் கையில் எடுத்தது, சர்வதேச யூதப் படுகொலை நினைவுக் கூட்டமைப்பு 2016இல் ஏற்ற வரையறை. ‘யூதரைப் பற்றிய ஒருவகைப் பார்வை, அது வெறுப்பாக வெளிப்படலாம்’ என்று வழவழவெனத் தொடங்குகிறது அது. தெற்கு கரோலினா 2018இல் கல்லூரிகளுக்காக அதை ஏற்றது. 2019இல் ஃபுளோரிடா பள்ளி, கல்லூரிகளில் யூதப் பாகுபாட்டை இனப் பாகுபாட்டைப் போலவே நடத்தச் சொன்னது. ஜார்ஜியாவின் 2024ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு நுட்பம் உண்டு. வெறுப்பைத் தனிக் குற்றமாக்காமல், பாகுபாட்டுப் புகாரில் உள்நோக்கம் என்ன என்று பார்க்கும்போது இந்த வரையறையைக் கருத்தில் கொள்ளச் சொல்கிறது.

சண்டை வருவது வரையறையோடு ஒட்டிய எடுத்துக்காட்டுகளால். அவற்றில் பல இஸ்ரேலைத் தொடுகின்றன. அப்படியானால் இஸ்ரேல் அரசை விமர்சிப்பதும் யூத வெறுப்பாகிவிடுமா என்ற கேள்வி எழுகிறது. வரையறையை எழுதியவர்களில் முதன்மையானவரான கென்னத் ஸ்டெர்னே, பல்கலைக்கழகப் பேச்சை அடக்க அது பயன்படுவதை எதிர்த்தார். மற்ற நாடுகளை விமர்சிப்பதுபோல இஸ்ரேலை விமர்சிப்பது இதில் சேராது என்று ஃபுளோரிடா சட்டமும் சொல்கிறது.

இந்த வேறுபாட்டைக் காட்டத் தமிழில் சொல் இருக்கிறது. ‘எதிர்ப்பு’ நமக்குக் கெட்ட வார்த்தை இல்லை. இந்தி எதிர்ப்பு என்று பெருமையாகவே சொல்கிறோம். ‘யூத எதிர்ப்பு’ என்று எழுதினால் ஏதோ கொள்கைபோல ஒலிக்கும். அதனால் அரசை எதிர்த்தால் ‘இஸ்ரேல் எதிர்ப்பு’, மக்களை வெறுத்தால் ‘யூத வெறுப்பு’. அந்த வெறுப்பால் ஒருவருக்கு வேலையோ வீடோ மறுக்கப்பட்டால், ‘யூதர் மீதான பாகுபாடு’.