திரும்பப் பெற்ற பிறகும் சுற்றிவரும் ஆய்வுக் கட்டுரைகள்

நூலகத்தில் ஆய்வு மாணவர்களின் மேற்கோள் பட்டியலைச் சரிபார்த்துக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. ஆண்டு, பக்க எண், இதழின் பெயர் எல்லாம் ஒழுங்காக இருக்கும். அந்தக் கட்டுரை இன்றும் செல்லுமா, இல்லை நம்பத்தக்கதல்ல என்று இதழே அதைத் திரும்பப் பெற்றுவிட்டதா என்பதைத்தான் பலரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

வகுப்பில் இதற்கு நான் எடுத்துச் சொல்வது பிரிட்டிஷ் மருத்துவர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் கட்டுரையை. 1998 பிப்ரவரியில் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. வெறும் 12 குழந்தைகளை வைத்து, எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா) தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்குமோ என்ற சந்தேகத்தைக் கிளப்பிவிட்டது. பத்திரிகையாளர் பிரையன் டீர் தோண்டத் தொடங்கிய பிறகு, 2004இல் இணை ஆசிரியர்கள் 10 பேர் அப்படியொரு தொடர்பு இருக்கலாம் என்ற விளக்கத்தைக் கைவிட்டார்கள். 2010இல் லான்செட் கட்டுரையை முழுதாகத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு பிரிட்டனின் மருத்துவர் பதிவேட்டிலிருந்து வேக்ஃபீல்டின் பெயரும் நீக்கப்பட்டது. டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்து 2019இல் வெளியான ஆய்வும் அப்படியொரு தொடர்பு இல்லை என்றே காட்டியது.

இவ்வளவுக்கும் பிறகு அந்தப் பயம் போகவில்லை. கட்டுரையைத் திரும்பப் பெற்றதையே, "உண்மையைச் சொன்னவரின் வாயை அடைத்துவிட்டார்கள்" என்பதற்கு ஆதாரமாகக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். உண்மையைவிட உணர்ச்சியும் நம்பிக்கையுமே எடுபடும் 'உண்மைக்குப் பிந்தைய காலம்' என்கிறார்களே, அது எங்கள் துறையைத் தொடும் இடம் இதுதான். சரியான தகவலைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் தவறானது விலகிவிடும் என்ற எண்ணம் தகவல் அறிவியலில் வெகுகாலம் இருந்தது. இப்போது மக்கள் யாரை நம்புகிறார்கள், ஏன் நம்புகிறார்கள் என்பதிலிருந்தே ஆராய வேண்டியிருக்கிறது.

அதற்கான வழிகளும் குறுகிவருகின்றன. வாட்ஸ்அப்பில் என்ன பரவுகிறது என்பதை வெளியிலிருந்து பார்க்க முடியாது. தனியுரிமைக்கு அது தேவை, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பொதுவில் போட்ட பதிவுகளுக்கே கதவு சாத்தப்படுவதை ஏற்க முடியவில்லை. ட்விட்டர் 2023இல் பதிவுகளை நிரல் வழியாகத் திரட்ட உதவிய இலவச ஏபிஐ வசதியை நிறுத்தியது. ஃபேஸ்புக் பதிவுகள் பரவும் விதத்தை ஆய்வாளர்கள் கவனித்துவந்த கிரவுட்டாங்கிள் என்ற கருவியை 2024 ஆகஸ்டில் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா மூடிவிட்டது.

சரி, ஆய்வு மாணவர்கள் தங்கள் பக்கம் என்ன செய்யலாம்? முன்பே இறக்கி வைத்த பிடிஎஃப்பில் 'திரும்பப் பெறப்பட்டது' என்ற குறிப்பு தானாக வந்து சேராது. அதனால் ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன் ஒவ்வொரு கட்டுரையின் டிஓஐ (கட்டுரைக்கான நிரந்தர அடையாள எண்) இணைப்பையும் திறந்து, இதழின் பக்கத்தையே பாருங்கள். மேற்கோள்களைத் தொகுக்கும் ஜோட்டெரோ மென்பொருளில் சேமித்திருந்தால், திரும்பப் பெற்ற கட்டுரையை அதுவே எச்சரித்துக் காட்டும். இப்படிப்பட்ட கட்டுரைகளைப் பட்டியலிடும் ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளமும் 2023 முதல், டிஓஐ எண்களைப் பதிவு செய்யும் கிராஸ்ரெஃப் அமைப்பின் வழியாக எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. அப்படிப்பட்ட கட்டுரையை மேற்கோள் காட்டியே ஆக வேண்டுமென்றால், அது திரும்பப் பெறப்பட்டது என்பதை அந்த வரியிலேயே எழுதிவிடுங்கள்.