ஏற்றம் இல்லாமல் ஏறும் தண்ணீர்

ஆகஸ்டில் யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்கள் பலர் ஏமாந்து நிற்பதுண்டு. 739 மீட்டர் உயர அருவியைப் படத்தில் பார்த்துவிட்டு வந்திருப்பார்கள். பெரும்பாலான ஆண்டுகளில் அந்த நேரத்துக்கு அங்கே வெறும் பாறைதான் மிஞ்சியிருக்கும். மே மாதம் வந்திருந்தால் அதன் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடச் சரியாகக் கேட்காது.

கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைகளில் கோடை மழை அரிது. குளிர்காலத்தில் விழுந்த பனி உருகித்தான் அருவிக்கு வருகிறது. ஓடை வரும் வழியோ பெரும்பாலும் மொட்டைக் கருங்கல். தண்ணீரைப் பிடித்துவைக்க மண் இல்லை. பனி தீர்ந்தால் அருவியும் தீர்ந்தது.

அதே பூங்காவின் தென்கோடியில் மாரிபோசா தோப்பு இருக்கிறது. முதிர்ந்த ராட்சத செக்கோயா மரங்கள் மட்டும் ஐந்நூறுக்கு மேல். இவையும் பனித் தண்ணீரை நம்பித்தான் வாழ்கின்றன. ஆனால் மண்ணுக்குள் இறங்கிய ஈரத்தைத் தேடிப்பிடித்து, அருவி வற்றிய பிறகும் மேலே ஏற்றிக்கொண்டே இருக்கின்றன. பெரிய செக்கோயா ஒன்று கோடையில் ஒரே நாளில் 2,000 லிட்டருக்கு மேல் குடிக்கும் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. துளிச் சத்தம் கிடையாது. கூட்டமெல்லாம் விழுகிற தண்ணீரைப் பார்க்கத்தான் போகிறது. எனக்கென்னவோ ஏறுகிற தண்ணீர்தான் பெரிய அதிசயம்.

கிணற்று மோட்டாரோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இதிலுள்ள சிக்கல் உடனே பிடிபடும். நீர்மட்டம் ஏழெட்டு மீட்டருக்குக் கீழே போய்விட்டால், மேலே வைத்த மோட்டார் இழுக்காது. மோட்டாரையே கீழே இறக்க வேண்டும். உறிஞ்சுவதாக நாம் சொல்வது, உண்மையில் வெளிக்காற்று தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளுவதுதான். குழாய்க்குள் காற்றே இல்லாமல் செய்தாலும் அதனால் சுமார் 10 மீட்டருக்கு மேல் தள்ள முடியாது. மாரிபோசாவில் இருக்கும் ‘கிரிஸ்லி ஜயண்ட்’ மரத்தின் உயரம் 64 மீட்டர்.

சரி, எப்படித்தான் ஏறுகிறது? டிக்ஸன், ஜோலி என்ற இரு விஞ்ஞானிகள் 1894-இல் சொன்ன விளக்கம்தான் இன்றும் நிற்கிறது. தண்ணீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்பவை. மரத்துக்குள் தண்ணீர் கடத்தும் சைலம் குழாய்கள் மயிரிழையைவிட மெல்லியவை. அவற்றுக்குள் வேர் முதல் இலை வரை தண்ணீர் அறுபடாத கயிறாக நிற்கிறது. வெயில் பட்டு இலையிலிருந்து கொஞ்சம் ஆவியானதும், இலைச் செல்சுவரின் நுண்துளைகளில் உள்ள நீர்ப்பரப்பு உள்பக்கமாக வளைந்து, பின்னால் இருக்கும் தண்ணீரை இழுக்கிறது. அந்த இழுப்பு அப்படியே வேர் வரை போகிறது. கிணற்றில் வாளி இறைப்பது போலத்தான். இங்கே கயிறும் தண்ணீர், சுமையும் தண்ணீர். இறைக்கும் கை வெயிலுடையது. மரம் தன் சக்தியைச் செலவழிப்பதில்லை.

கயிறு என்றால் அறுந்துபோகுமே? போகும். இழுப்பு அளவுக்கு மீறினால் குழாய்க்குள் காற்றுக்குமிழி புகுந்துவிடும். மோட்டாரில் ‘ஏர் பிடிப்பது’ போல அந்தக் குழாய் செயலிழக்கும். அதற்கும் ஒரு ஏற்பாடு உண்டு. இரண்டு குழாய்கள் சேரும் துளையில் நுண்ணிய வலை, வலை நடுவே கெட்டியான ஒரு தட்டு. பக்கத்துக் குழாயில் காற்று புகுந்தால் தட்டு நகர்ந்து துளையை அடைத்துக்கொள்ளும். நம் ஃபுட் வால்வு மாதிரி, ஆனால் ஒரு மரத்துக்குள் கணக்கிலடங்காத எண்ணிக்கையில்.

தண்ணீர் ஏறுவது பட்டையை ஒட்டிய வெளிக்கட்டையில்தான். நடுவில் இருக்கும் வைரம் பாய்ந்த கட்டை தண்ணீர் கடத்தாது. இதே தோப்பில் 1881-இல் ஒரு செக்கோயாவின் அடியைக் குடைந்து வண்டி போக வழி செய்தார்கள். வேடிக்கைக்காகச் செய்த அநியாயம். அப்புறமும் அந்த மரம் எண்பது வருஷத்துக்கு மேல் நின்றது. இருபக்கமும் மிஞ்சிய வெளிக்கட்டை தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்தது. 1969-இல் பனிச்சுமை தாங்காமல்தான் சாய்ந்தது.

பனியே குறைந்துபோனால்? 2012-இல் தொடங்கிய கடும் வறட்சியில், 2014 கோடையில் சியரா நெவாடாவின் சில செக்கோயாக்கள் உள்பக்கத்துப் பழைய இலைகளைப் பழுப்பாக்கி உதிர்த்தன. இலை குறைந்தால் ஆவியாவதும் குறையும், கயிற்றின் மேல் இழுப்பும் தளரும். நுனியில் இருந்த புது இலைகள் பச்சையாகவே இருந்தன.