ஜாமீன் கையெழுத்து போடும் முன்

"கடன் வாங்கினது என் மச்சான் சார். நான் சும்மா ஜாமீன் கையெழுத்துதானே போட்டேன்?"

ராமநாதபுரத்தில் வக்கீல் தொழில் செய்யும் எனக்கு இந்தக் கேள்வி பழகிப்போனது. கடைசியாகக் கேட்டவர் பாம்பன் பக்கத்து நாட்டுப்படகு மீனவர். அவருடைய மச்சான் விசைப்படகு வைத்திருந்தார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் வருமானம் கிடையாது. அந்த நேரத்தில்தான் படகைக் கரையேற்றி மராமத்து பார்ப்பார்கள். அதற்காகக் கடன் வாங்கினார். தடை முடிந்து போன படகை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டது. ஆள் திரும்பி வந்தார், படகு வரவில்லை. தவணை நின்றதும் நோட்டீஸ் இவர் வீட்டுக்கு வந்தது.

இவர் மச்சானைக் கையோடு என் அலுவலகத்துக்கே கூட்டி வந்திருந்தார். "ஆளைக் கொண்டுவந்து நிறுத்திட்டேன், இனிமே என்னை விட்டுருவாங்கல்ல?" என்றார். அவர் மேல் தவறில்லை. தமிழில் இரண்டு வேறு விஷயங்களுக்கு நாம் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். குற்ற வழக்கில் ஒருவருக்கு ஜாமீன்தாரராக நின்றால், அவர் வாய்தாவுக்கு வர வேண்டும் என்பதே உங்கள் பொறுப்பு. வராவிட்டால் பத்திரத்தில் எழுதிய தொகையைக் கட்டச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடலாம். கடன் ஜாமீன் அப்படியல்ல. அங்கே ஆள் வந்து நின்றால் போதாது, பணம் வர வேண்டும்.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 126: இன்னொருவர் தவறினால் அவருடைய கடனை நான் தீர்க்கிறேன் என்று கொடுக்கும் வாக்குறுதிதான் ஜாமீன். பிரிவு 128 இன்னும் கடுமையானது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, கடனாளிக்கு எவ்வளவு பொறுப்போ அதே அளவு ஜாமீன்தாரருக்கும் உண்டு. வட்டியும் சேர்ந்துதான். "முதலில் அவனிடம் கேளுங்கள், கிடைக்காவிட்டால் என்னிடம் வாருங்கள்" என்று சொல்ல முடியாது. பீகார் வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை 1960களிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. படகு போய்விட்டது என்பதும் பதிலாகாது. "எனக்கு ஒரு பைசாகூட வரலையே" என்பார்கள். கடனாளிக்குக் கிடைத்த பயனே ஜாமீனுக்குப் போதிய மறுபயன் (வாக்குறுதிக்கு ஈடான கைமாறு) என்கிறது பிரிவு 127.

இங்கிலாந்தில் 1677ஆம் ஆண்டுச் சட்டப்படி, இப்படிப்பட்ட ஜாமீன் எழுத்தில் இருந்து கையெழுத்தும் ஆகியிருந்தால்தான் வழக்குப் போட முடியும். நம் சட்டத்தின் பெரும்பகுதி அங்கிருந்து வந்ததுதான், ஆனால் இந்த நிபந்தனையை நாம் எடுத்துக்கொள்ளவில்லை. வாய்மொழியாகவும் ஜாமீன் கொடுக்கலாம் என்று பிரிவு 126 சொல்கிறது. ஏலம் நடக்கும் கரையில் நாலு பேர் முன்னால் வியாபாரியிடம் "கொடுங்க, அவன் தராட்டி நான் தாரேன்" என்று சொல்வதும் உங்களைக் கட்டும். நிரூபிப்பது அவர் பாடு, ஆனால் அந்த நாலு பேரும் சாட்சிதான்.

ஜாமீன்தாரருக்குப் பாதுகாப்பே இல்லை என்று நினைக்க வேண்டாம். உங்களைக் கேட்காமல் கடன் நிபந்தனைகளை மாற்றினால், மாற்றத்துக்குப் பிறகு நடந்தவற்றுக்கு நீங்கள் பொறுப்பில்லை (பிரிவு 133). நீங்கள் முறைப்படி கட்டிய பணத்தைக் கடனாளியிடம் திரும்பக் கேட்கலாம் (பிரிவு 145). ஆனால் இந்தப் பாதுகாப்புகளை விட்டுக்கொடுப்பதாகவே பல அச்சுப் படிவங்களில் வரி இருக்கிறது. அதனால் நிரப்பாத படிவத்தில் தயவுசெய்து கையெழுத்து போடாதீர்கள். தொகையை எழுத்திலும் எண்ணிலும் பார்த்துவிட்டு, ஒரு நகலைக் கேட்டு வாங்குங்கள்.

சம்மன் வந்தால் கடலுக்குப் போய்விட்டேன் என்று இருந்துவிடாதீர்கள். நீங்கள் வராமலே ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடலாம். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் சட்ட உதவிக்கான 15100 எண்ணுக்கு அழையுங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு.

பாம்பன்காரர் விஷயம் மக்கள் நீதிமன்றத்தில் பேசி, குறைத்த தொகையைத் தவணையாகக் கட்டுவதென முடிந்தது. மச்சானிடம் அதைத் திரும்பக் கேட்க 145ஆம் பிரிவு இருக்கிறது என்று சொன்னேன். "அக்கா புருஷன் மேல எப்படி சார் கேஸ் போடுறது?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்.